தரையில் நிற்காத கோல்கீப்பர்

தாகேதா மழைக்காலக் கோப்பையின் மூன்றாவது ஆட்டத்தில், இடைவேளைக்குச் சற்று முன்பு, கோல்கீப்பர் மாரிச்சாமியின் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தன, அப்புறம் இறங்கவில்லை. நடுவர் கோ துன், பர்மியப் பேச்சில் துன் அண்ணன், ஆட்டத்தை நிறுத்திவிட்டு யோசித்தார். கோல்கீப்பர் தரையில்தான் நிற்க வேண்டும் என்று விதி எதுவும் ஞாபகத்துக்கு வராததால் மறுபடி விசில் ஊதினார்.

அதற்கு முந்தின மாதம்தான் மாரிச்சாமியின் மனைவி விஜயகுமாரி, பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிற வயதை எட்டிவிட்ட மகனைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போயிருந்தாள். வேளாவேளைக்குச் சாப்பிடாததால்தான் மிதக்கிறான் என்று அவன் குடியிருந்த வார்டில் பேசிக்கொண்டார்கள். அலோன் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கும்போது அவனும் மற்றவர்களைப் போல மண்ணில்தான் நடந்தான். மூட்டையை இறக்கியதும் மேலே போனான். திரும்பி வரும்போது கூட வேலை செய்பவர்கள் அவன் கைலி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

உயரமாக வந்த பந்து எதுவும் அவனைத் தாண்டவில்லை. எதிரணிகள் சீக்கிரமே விஷயம் புரிந்து பந்தைத் தரையோடு உருட்டின. அணி தோற்றுக்கொண்டே வந்தது. ஆட்டக்காரர்களும் குறைந்தார்கள், ஒருவன் மலேசியா போனான், ஒருவன் தாய்லாந்து எல்லை தாண்டி மேசோட் போனான், இன்னும் சிலர் போன இடத்தை வீட்டார் சொல்லவில்லை. யாராவது போகும்போதெல்லாம் மாரிச்சாமி இன்னும் கொஞ்சம் உயர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விஜயகுமாரி போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

பேசுகிறவரைக்கும் அவன் பாதங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. லைன் அறுந்ததும் தலை கூரைத் தகரத்தில் போய் இடித்தது. அவளிடம் இதையெல்லாம் அவன் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம் லான்மடாவ் அணியோடு. ஏழு பேருக்குக் குறைந்தால் கோப்பையிலிருந்து அணியின் பெயரையே எடுத்துவிடுவார்கள். மாரிச்சாமியையும் சேர்த்து ஆறு பேர்தான் இருந்தார்கள். அவனோ கோலின் குறுக்குக் கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான், விட்டால் போய்விடுவான். அப்போது மீன் வியாபாரி பர்கத்துல்லா, தனிக்கட்டை, உடம்பு பெருத்தவர், எல்லா ஆட்டத்தையும் கோட்டோரம் நின்று பார்த்தவர், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"மேல வர்றதை நீ பாத்துக்க மாரி. கீழ நான் இருக்கேன்."

"அடிபட்டுரும் பாய்."

"பட்டா படட்டும். வீட்டுல யாரு கேக்கப் போறா?"

ஒரு கைலியை முறுக்கி, ஒரு நுனியை மாரிச்சாமியின் கணுக்காலிலும் மறுநுனியைத் தன் இடுப்பிலும் கட்டினார். கோ துன் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார். லான்மடாவ்காரர்கள் மேலேயும் அடித்தார்கள், கீழேயும் அடித்தார்கள். பர்கத்துல்லா பாதி ஆட்டத்தைச் சேற்றில் குறுக்கே படுத்துக்கொண்டே ஆடினார். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. அணி கடைசி இடத்துக்கு வந்தது. பெயர் மட்டும் தப்பித்தது.

ஆட்டம் முடிந்தும் பர்கத்துல்லா முடிச்சை அவிழ்க்கவில்லை. அப்படியே ஹுஸ்னாவின் டீக்கடைக்கு நடந்தார். பின்னால், தலைகளுக்கு மேலே, மாரிச்சாமி வந்தான். ஹுஸ்னா ஒரு டீயை மேசையில் வைத்தாள். இன்னொன்றை முக்காலி மேல் ஏறி நின்று நீட்டினாள்.

"சர்க்கரை போதுமா, கோ மாரி?" என்று அண்ணாந்து கேட்டாள்.