யானை பார்க்கப் போட்ட ஊசி

ஊசி போட்ட அன்று பனி கொட்டியதா, உருகி ஓடியதா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அக்னெஸ் ஒருமுறை கொட்டியது என்றாள். இன்னொருமுறை, சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்றாள். எண்பத்தொன்பதாம் ஆண்டு ஏப்ரல் என்பதுவரை நிச்சயம். தையல் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மெசின் என்னுடையது. மெசின் இரைச்சலுக்குள் அவள் துண்டு துண்டாகச் சொன்னதையும், செத்த வீடு நடந்த மலர்ச்சாலையில் நானே கண்டதையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். இடையில் நானாகச் சேர்த்ததும் இருக்கலாம்.

மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்னெஸ் இடது கையை நீட்டினாள். தாதி பஞ்சால் துடைத்தாள். அந்தச் சின்ன அறையில் இரண்டு கதிரைகள் போட்டிருந்தன. முன்பதிவு இரண்டு பேருக்கு.

"மிஸியு?" என்று, ஐயா எங்கே என்பதுபோல், தாதி வெறும் கதிரையைக் காட்டினாள்.

அக்னெஸுக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான். "அப்றே" என்றாள். அவர் பிறகு வருவார்.

ஊசி ஏறியது. ஆபிரிக்காவுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சலுக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசி.

போக ஆசைப்பட்டவர் அவளுடைய புருசன் எமிலியானுஸ். மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே வயல் செய்தவர். கதிர் முற்றுகிற காலத்தில் கையில் வெடியும் பந்தமுமாகப் பரணில் கிடந்து யானை துரத்துவார். அத்தனை வருசம் துரத்தியும் ஒரு யானையையாவது நின்று பார்த்ததில்லை. அக்னெஸ் யானையைக் கண்டதேயில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து சத்தம் மட்டும் கேட்டிருக்கிறாள்.

மொன்ட்ரியால்-நோருக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், பல் டொக்டரின் அறையில் கிடந்த ஒரு சஞ்சிகையை அவர் கேட்டு வாங்கி வந்தார். அதில், கென்யாவில் மிருகங்களுக்கென்று ஒரு காப்புநிலம். வேலி கிடையாது. யானை வழியில் நின்றால் வண்டியை நிறுத்திவிட்டு, அது போகும்வரை மனிதர்கள்தான் காத்திருக்க வேண்டும். மகள் கிளி வாசித்துச் சொல்லச் சொல்ல, அவர் அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

"துரத்தப்படாதாம் புள்ள. அதுதான் அங்க சட்டமாம்."

"அது நம்மளத் துரத்தினா?" என்றாள் அக்னெஸ்.

"அதுக்கும் அந்தச் சட்டந்தானே."

அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் கைக்கு வந்ததும் மூவரும் விமானச்சீட்டு விற்கும் கடைக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பெயர் கேட்டாள். எமிலியானுஸ் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மகளின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஆர்ர பேரில போறதாம் எண்டு கேளு."

"உங்கட பேரிலதான் அப்பா."

"சொந்தப் பேரிலயா? பிடிக்கமாட்டானுகளா?"

கிளி சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாளாம். முகம் தெரியாத யாரோ ஒரு புருசன் பெண்சாதியின் பெயரில்தான் அவர்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். யூலைக் கடைசியில் விடுமுறைக்காகத் தொழிற்சாலை பூட்டுகிற இரண்டு கிழமைக்கு நாள் குறித்தாயிற்று.

மார்கழியில் அவருக்கு வயிற்று நோ தொடங்கியது. மாசியில் டொக்டர் கிளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். வயிற்று வருத்தம் ஈரல்வரை ஏறிவிட்டது. இந்த உடம்புக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போடக்கூடாது. அதற்குப் பிறகு எமிலியானுஸ் தன் பயணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அக்னெஸின் ஊசியைப் பற்றித்தான் கதைத்தார்.

"எனக்கில்லாட்டி என்ன? நீ போய்ப் போட்டிட்டு வா."

அவள் சாட்டுச் சொல்லிக் கடத்தினாள். ஒருநாள் பனி என்றாள். ஒருநாள் பஸ் வரவில்லை என்றாள். அந்த ஊசியைத் தனியாகப் போய்ப் போட்டால், அவர் வரமாட்டார் என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் விடவில்லை.

பங்குனியிலிருந்து அவர் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யிலிருந்து அவருடைய தமையன் செபமாலை ஞாயிறு தோறும் பார்க்க வருவார். ஊசிக் கதை அவர் காதில் விழுந்துவிட்டது.

"என்ன விளையாட்டுடா இது? நாளைக்கு உனக்கு ஒண்டு நடந்தா, ஒரு வருசம் கறுப்புடுத்து வீட்டில இரிக்கிறதுதான் நம்மட வழக்கம். புருசன் செத்து மூணு மாசத்தில யானை பாக்கப் போனாளெண்டு சனம் சிரிக்காதா?"

"நம்மட சனம் இஞ்ச எத்தின பேர் அண்ணன்? ஒரு வேனுக்க ஏத்தலாம். எல்லாரையும் கூட்டிட்டுப் போ, அக்னெஸ்."

செபமாலை சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அந்தக் கிழமையில் ஒருநாள் காலை, எமிலியானுஸ் கஞ்சிக் கோப்பையைக் கையால் தள்ளி வைத்தார். "போய்ப் போட்டிட்டு வா. பொறகு குடிக்கன்." அக்னெஸ் மேலங்கியை மாட்டினாள்.

அவள் திரும்பி வந்தபோது அவர் விழித்திருந்தார். கஞ்சி ஆறி ஆடை பிடித்திருந்தது.

"போட்டியா?"

"ஓம்."

"காட்டு."

சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். சின்ன வட்டப் பிளாஸ்ரர். அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நோகுதா?"

"இல்ல."

"நாளைக்கு நோகும்" என்றார்.

அக்னெஸ் கஞ்சியை வெந்நீர் விட்டு இளக்கினாள். மூன்று கரண்டி குடித்தார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எத்தனையோ தடவை அவளிடம் கேட்டிருக்கிறேன். யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதற்குமேல் அவள் எதுவும் சொன்னதில்லை. கிளி வேலை முடிந்து வந்து, "அப்பா நித்திரையா?" என்று மெதுவாகக் கேட்டாள். அக்னெஸ் அவருடைய கையை விடாமல், தலையை மட்டும் அசைத்தாள். இல்லை என்று.

மலர்ச்சாலையில் பெட்டிக்குப் பக்கத்தில் அக்னெஸ் கறுப்புச் சீலையோடு இருந்தாள். அவர் சொன்னபடியே கை நொந்தது. தோளிலிருந்து முழங்கைவரை கனத்து வீங்கிக் கிடந்தது. எங்கள் பெண்கள் செத்த வீட்டுக்கு வந்தால் சும்மா கை கொடுத்துவிட்டுப் போவதில்லை. கட்டிப் பிடித்து, இறுக்கி, உலுப்பித்தான் அழுவார்கள். வருகிறவர்களெல்லாம் அந்தக் கையைத்தான் பிடித்தார்கள். ஒவ்வொரு பிடிக்கும் அவள் துடித்தாள்.

"புள்ள துடிக்கிறதப் பாருங்ககா!" என்று அவர்கள் இன்னும் இறுக்கினார்கள்.

எப்படிச் சொல்வது? பெட்டிக்குள் புருசன் கிடக்க, யானை பார்க்கப் போவதற்கு ஊசி போட்ட கை நோகிறது என்று யாரிடம் சொல்வது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன். எனக்கும் அப்போது தெரியாது.

செபம் தொடங்கும் நேரம் செபமாலை வந்து, அவளை எழுப்புவதற்காகக் கையைப் பிடித்தார். அவள் "ஐயோ" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன?"

அவள் தலையைக் குனிந்தாள். "ஊசி போட்ட கை."

"என்ன ஊசி?"

"யானைக்கு... அவர் போடச் சொன்னவர்."

முன்வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். செபமாலையின் தாடை இறுகியது. இவர் இப்போது ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் எழும்பி முன்னால் வந்துவிட்டேன்.

"எப்ப போட்ட?"

"அவர் போன அண்டைக்கு. காலம."

"அவன் கண்டானா?"

"கண்டவர். காட்டச் சொல்லிப் பாத்தவர்."

செபமாலை பெட்டிக்குள் இருந்த தம்பியின் முகத்தைப் பார்த்தார். வாசலில் யாரோ சப்பாத்து உதறும் சத்தம் கேட்டது. குருவானவர் புத்தகத்தை விரித்துவிட்டு, இவர்களைப் பார்த்து, மூடாமல் அப்படியே வைத்திருந்தார்.

"எந்தக் கை?" என்றார் செபமாலை.

"இடக்கை."

அவர் சுவரோரம் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்தார். அவளுடைய இடது பக்கத்தில், ஒட்டினாற்போல் போட்டு உட்கார்ந்தார். செபம் முடிந்ததும் ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அழுதபடி வந்தாள். செபமாலை தன் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினார்.

"அந்தப் பக்கத்தால வாகா. இது நோவுற கை."

பெட்டியை மூடும்வரை அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

யூலைக் கடைசியில் அக்னெஸும், தகப்பனின் இடத்தில் கிளியும் தங்கள் சொந்தப் பெயரில் போய் வந்தார்கள். மிராபெல் விமான நிலையத்துக்கு அவர்களை ஏற்றிச் சென்றவர் செபமாலை. தொழிற்சாலை திறந்த அன்று, யானை கண்டாயா என்று கேட்டேன். "கண்டன். அது போகுமட்டும் இரிந்தம்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்த்தாள். செபமாலை தொண்ணூற்றாறில் காலமானார். தம்பிக்குப் பக்கத்தில்தான் அடக்கம். கிளி கல்யாணம் செய்து ரொக்ஸ்பரோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டரி நடத்துகிறாள். தொழிற்சாலை மூடி வெகுகாலம். நான் மகனோடு லொங்குய்யில் இருக்கிறேன். அக்னெஸ் இன்னும் அதே மொன்ட்ரியால்-நோர் வீட்டில்தான் இருக்கிறாள்.