பொன்னுத்தாயி துவைத்த சட்டைகள்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. காரைக்குடி, 1978. யாரோ ஜமக்காளத்தை உதறினார்கள், தூசி பறந்தது. என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நெஞ்சு அறுவை டாக்டர், பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இனி வருவதெல்லாம் என் கற்பனை. அவர் பெயரை உடையப்பன் என்று வைத்துக்கொள்வோம்.

2

"டாக்டர் உடையப்பன் கத்தியை எடுத்தால் எமனே..." (வேண்டாம். சினிமா வசனம்.)

கொத்தமங்கலத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. சீமையில் படித்துவிட்டு 1963-ல் திரும்பினார். முதலில் காசநோய்க்காரர்களின் நெஞ்சைத் திறந்தார். பிறகு புகைத்துப் புகைத்துப் புற்று வந்தவர்களின் நெஞ்சை. கெட்டதை அறுத்து எறிந்துவிடலாம் என்று நம்பினார். பிழைத்தவர்கள் சிலர், சாகும்போதும் கும்பிட்டவர்கள் பலர்.*

*இந்த வாக்கியம் அழகாக இருப்பதால் அதன்மேல் எனக்குச் சந்தேகம்.

3

1974-ல் பொன்னுத்தாயி வருகிறார். சிங்கம்புணரிப் பக்கம். எடுக்க எடுக்க நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது.

"பீடி குடிப்பீகளா?"

"ஆத்தாடி! என்னய்யா கேக்குறீக?"

"மில்லு வேலைக்குப் போனீகளா?"

"எங்கிட்டும் போகல, வீட்டு வேலதேன். எங்க வீட்டுக்காரவுகதேன் மில்லுல நீராவிக் குழாய்க்கு அஸ்பெஸ்டாஸ் சுத்துறாக. சட்டைய உதறுனா அம்புட்டும் மாவாக் கொட்டும். கல்யாணமான நாள்லருந்து உதறி உதறித்தேன் துவைக்கிறேன்."

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தத் தூசி நெஞ்சில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றாகும் என்றும், சட்டை துவைத்த மனைவிமாரையும் விடாது என்றும் அவர் படித்திருந்தார்.

மறுநாள் திறந்து பார்த்தார். நுரையீரலின் உறை நார்த்தங்காய்த் தோலாகத் தடித்துக் கிடந்தது. அறுக்க வழியில்லை. மூடித் தைத்தார்.

(இங்கே அவர் அழுதார் என்று எழுதி அடித்தேன். அழவில்லை என்று எழுதி அதையும் அடித்தேன். இந்த மனிதர் எனக்குப் பிடிபடவே இல்லை.)

4

வெளியே புருஷன் கருத்தையா நிற்கிறார்.

"வேரோட எடுத்துட்டீகளாய்யா?"

"முடியல. இன்னும் கொஞ்ச மாசந்தான்."

"அவ யாருக்கு என்ன பாவம் செஞ்சா? இது எதனாலய்யா வந்துச்சு?"

முடிவு ஒன்று: "விதி" என்கிறார் டாக்டர். தன் சட்டைதான் பொண்டாட்டியைக் கொல்கிறது என்று தெரிந்தால் ஒரு மனிதன் எப்படிச் சோறு தின்பான்? இதுதான் கருணை என்று பேனாவை மூடினேன்.

மூடிய பிறகுதான் உறைத்தது. டாக்டரைக் கேட்க வைத்தேன்: "இப்ப உங்க சட்டைய யாரு துவைக்கிறாக?"

"மக முத்தழகுதேன். ஆத்தா மாதிரியே சுத்தம். நல்லா உதறிட்டுத்தேன் முக்குவா."

முடிவு இரண்டு: டாக்டர் உண்மையைச் சொல்கிறார். கருத்தையா...

(முடிக்க முடியவில்லை.)

முடிவு மூன்று: "மகளத் துவைக்க விடாதீக" என்று மட்டும் சொல்கிறார், காரணம் சொல்லாமல். நல்ல தந்திரம். ஆனால் கருத்தையா முட்டாள் இல்லை. ஊருக்குத் திரும்பும் பஸ் திருப்பத்தூர் தாண்டுவதற்குள் அவருக்குப் புரிந்துவிடும். அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

5

மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். எது சரி என்று சத்தியமாகத் தெரியவில்லை. கருத்தையா டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். சீக்கிரம். அங்கே முத்தழகு அழுக்குச் சட்டையைக் கையில் எடுத்துவிட்டாள்.