நகோயாவுக்கு அனுப்பிய படம்

ஓடைப்பட்டியில் ஒரு விஷயத்தை மறைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் அடுத்த தெருவில் விசாரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊர் வாயைக் கட்டிக்கொண்டு ஒரு சாவையே மறைத்தது. யாரிடமிருந்து? செத்தவளின் ஒரே மகளிடமிருந்து.

மகள் அபிதா அப்போது ஜப்பானில், நகோயாவில் இருந்தாள். ஆசிய விளையாட்டுப் போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது. நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடப் போயிருந்தாள். தங்கவைத்திருந்தது துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில். கப்பல் ஜன்னல், சாப்பாட்டுக் கூடம், தண்ணீருக்கு அந்தப்பக்கம் வெளிச்சமாய்க் கிடந்த பட்டணம் என்று எல்லாவற்றையும் வீடியோவில் காட்டுவாள். அவளுடைய அம்மா அனுசுயா வைகை அணையைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. "கப்பல் ஆடுதாடி? நல்லாக் கயித்தப் போட்டுக் கட்டியிருக்காகளா?" என்று தினமும் கேட்பாள். மகள் எந்நேரம் தூங்குவாள், எந்நேரம் சாப்பிடுவாள் என்று பார்த்துக்கொள்ள, சுவர்க் கடிகாரத்தையே நகோயா மணிக்குத் திருப்பி வைத்துவிட்டாள். புருஷன் ஈஸ்வரபாண்டி மணியைப் பார்த்துக் குழம்பியதுதான் மிச்சம்.

அனுசுயா விழுந்தது திராட்சைத் தோட்டத்தில். பந்தலுக்கடியில் குனிந்து கொத்து வெட்டிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "நம்மதான் பந்தலுக்கடியில குனிஞ்சே காலத்த ஓட்டிட்டோம், எம்மக தாண்டித் தாண்டி ஓடுறா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தவள், நகோயாவில் அவள் தாண்டுவதைப் பார்க்காமலே போய்விட்டாள். ஓட்டத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

ஈஸ்வரபாண்டி அழுவதற்கு முன்னால் ஒரு முடிவெடுத்தார். மகளுக்குச் சொல்லக் கூடாது.

அனுசுயாவின் தம்பி ராஜபாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, பெத்தவ வாய்க்கு மக கையால ஒரு பிடி அரிசி விழ வேணாமா? நாளைக்கு அவ மூஞ்சியில எப்பிடி முழிப்பீக?"

"சொன்னா ஓட மாட்டா மாப்ள. கெடச்ச பிளைட்டப் பிடிச்சு வந்து நிப்பா. உங்கக்கா வருசக்கணக்கா விடியக்கருக்கல்ல எந்திரிச்சு முட்ட அவிச்சுக் குடுத்தது எதுக்கு? இந்த ஒரு ஓட்டத்துக்குத்தான? ஓடி முடிக்கட்டும். பெறகு நானே சொல்லிக்கிறேன். அவ என்னய என்ன பேசுனாலும் வாங்கிக்கிறேன்."

ராஜபாண்டி பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்து அக்காவுக்குப் போர்த்தினான். வாய்க்கரிசி போடும்போது மகள் பங்கு என்று யாரும் பேச்செடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் மைக்கைப் பிடித்து, "புள்ள ஓடி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாட்ஸ்அப்புல எதுவும் வைக்கக் கூடாது, ஆமா" என்று சொல்லிவைத்தார். ஊர் கட்டுப்பட்டது.

ஒன்றை மட்டும் ஈஸ்வரபாண்டியால் விட முடியவில்லை. அந்தப் பக்கம் யார் செத்தாலும் பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள். ஒட்டாவிட்டால் நாதியற்ற பிணம் என்று அர்த்தம். தன் அனுசுயா நாதியற்றவளா? அவள் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. போனில் துழாவி ஒரு படத்தை எடுத்து ராஜபாண்டிக்குக் கொடுத்தார். அவன் கம்ப்யூட்டர் கடைப் பையனிடம் கொடுத்துப் போஸ்டர் அடித்துவந்து ஒட்டினான். அதே பஸ் ஸ்டாப்பில், அபிதா கிளம்பிய அன்றைக்கு ஊர்ப் பையன்கள் கட்டிய வாழ்த்து பிளெக்ஸும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடைப்பட்டிச் சுவர் ஜப்பானுக்கா தெரியப்போகிறது?

அன்று சாயங்காலம் வழக்கம்போல் அம்மா போனுக்குக் கூப்பிட்டாள் அபிதா. வீடியோவை எடுக்காமல் வெறும் பேச்சில் சமாளித்தார் ஈஸ்வரபாண்டி.

"அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிருச்சுத்தா. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக."

"அம்மா பேசாம இருக்கா? அதிசயந்தான்!" என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வேறு வினை வந்தது. "என்னப்பா, ஊர்ல ஒருத்தர்கூட ஸ்டேட்டஸ் வைக்கல? யாருக்குப் போன் போட்டாலும் அரக்கப்பரக்கப் பேசிட்டுக் கட் பண்ணிர்றாக. அங்கன ஏதும் பிரச்சினையா?" என்றாள். மறைத்துப் பழக்கமில்லாத ஊர் மறைத்தால் இப்படித்தான். துக்கத்தோடு சேர்த்துக் காலை வணக்கத்தையும் நிறுத்திவிட்டது.

ஈஸ்வரபாண்டிக்குப் பதறிப்போய்விட்டது. "அட, ஊரே ஒன் பேச்சாத்தான் கெடக்கு. பஸ் ஸ்டாப்புல ஒன் பிளெக்ஸ் எம்புட்டு அழகா இருக்கு தெரியுமா? இரு, போட்டோ எடுத்து அனுப்புறேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். போனைத் தூக்கிப் பிடித்தபோது கண் நிறையத் தண்ணீர். பிளெக்ஸில் மகள் முகம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அனுப்பினார். பார்த்துவிட்டதற்கு நீல டிக் வந்தது. பதில் வர வெகுநேரம் ஆனது.

"நல்லாருக்குப்பா. நீங்க சாப்பிட்டீகளா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. தொண்டை தேவலையா என்றுகூடக் கேட்கவில்லை. "நம்பிருச்சு மாப்ள" என்று ராஜபாண்டியிடம் சொல்லிவிட்டு, பாவி மனுஷன், அன்றைக்குத்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

தகுதிச் சுற்றில் தேறி இறுதி ஓட்டத்துக்கு வந்துவிட்டாள் அபிதா. துக்க வீட்டில் டிவி போடும் வழக்கமில்லை. அன்று போட்டார்கள். சுவரில் கடிகாரம் இன்னும் நகோயா மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மகள் கிளம்பியதும் கூடியிருந்த ஜனம் மூச்சுவிட மறந்தது. ஒவ்வொரு தடையாகத் தாண்டினாள், கடைசித் தடையில் கால் இடறியது, விழாமல் சமாளித்து ஓடி நாலாவதாக வந்தாள். ஐயோ என்று எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். ஈஸ்வரபாண்டிக்கு மெடல் போன வருத்தம் வரவில்லை. இனிச் சொல்லியாக வேண்டுமே என்ற நினைப்புதான் வந்தது.

போன் வந்தது. எழுந்து வெளியே போனார்.

"நாலாவது வந்துட்டேன்ப்பா."

"அது போகுதுத்தா. அபி... ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா..."

"தெரியும்ப்பா."

"எந்தப் பய சொன்னான்?"

"நீங்கதான்ப்பா. பிளெக்ஸ் போட்டோல, பின்னாடி சுவத்துல ஒட்டியிருக்கு."

"எழுத்துக்கூடத் தெரிஞ்சிருக்காதேத்தா..."

"எழுத்து தெரியல. பெருசு பண்ணிப் பாத்தேன். நான் கெளம்புறப்ப மதுர ஏர்போர்ட்டுல எடுத்தமே, அந்தப் படம். என்னய வெட்டிட்டு அம்மாவ மட்டும் வச்சிருக்கீக. அம்மா தோள்ல என் கை மட்டும் அப்பிடியே கெடக்குது. அம்மா கட்டிவிட்ட வீரபாண்டிக் கோயில் கயிறோட. என் கை எனக்குத் தெரியாதாப்பா?"

"தெரிஞ்சுமா ஓடுன? அப்பவே கேட்டிருக்கலாமேத்தா."

"தொண்ட கட்டிருச்சுன்னு சொல்றப்பயே உங்களுக்குத் தொண்ட அடச்சுச்சு. நானும் கேட்டா ஒத்தையில என்ன செய்வீக? ஓடி ஒரு மெடலாவது கொண்டாந்து குடுப்போம்னு பாத்தேன். அதும் முடியல." அதுவரை கட்டிவைத்திருந்த அழுகை அவளுக்கு உடைந்தது. "அப்பா, அந்தப் போஸ்டரக் கிழிக்க விட்டுறாதீக. நான் வந்து பாக்கணும்."

ஈஸ்வரபாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போனார். தினமும் அந்த வழியாகப் போய்வந்தும் அவர் கவனித்ததில்லை. அனுசுயாவின் தோளில் கயிறு கட்டிய ஒரு கை மணிக்கட்டோடு நின்றது. தன் மகளைப் பெற்றவளிடமிருந்து வெட்டியது ராஜபாண்டியோ கம்ப்யூட்டர் பையனோ இல்லை, தான்தான் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கையால் ஒரு பிடி அரிசி விழவில்லையே என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு, அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். தேவாரம் போகிற பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது. இறங்கியவர்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை.