பிள்ளைக்கு விரிப்பு

சனிக்கிழமை காலையிலேயே மூன்று வேலைகளையும் கூடத்தில் பரப்பிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆரோக்கியதாஸ் கல்யாணத்துக்கு, கோயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் முழங்கால் போட இரண்டு குட்டி மெத்தை. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டு டிவிக்கு ஒட்டுத்துணி உறை. அப்புறம் அமலராணியின் பிள்ளைக்கு விரிப்பு. திங்கள்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒன்று அலுத்தால் அடுத்ததை எடுப்பேன். அப்படி மாற்றி மாற்றிச் செய்தால்தான் எனக்குக் கை ஓடும்.

அமலராணி என் வீட்டுக்காரரின் தங்கை. வடமதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை, இது மூன்றாவது, பச்சைப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை இங்கே தூக்கிக்கொண்டு வருகிறாள். அதனால் என் மாமியார், பிள்ளை பெற்று நல்லபடியாக வளர்த்த பொம்பளைகளாகப் பார்த்து, சாணார்பட்டி வரைக்கும் அலைந்து பழஞ்சேலை கேட்டு வாங்கி வந்திருந்தார். அந்தத் துணியில் படுத்தால் பிள்ளை தங்குமாம். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளை இல்லை. தைக்க என் கை வேண்டும், என் துணி மட்டும் ஆகாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் பழஞ்சேலைகளை டிவி உறைக்கு வெட்டிக்கொண்டேன்.

மத்தியானம் நான் சோறு வடித்துவிட்டு வருவதற்குள், வெட்டி வைத்த துண்டுகளையெல்லாம் ஒரே பையில் அள்ளிப் போட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தார் என் வீட்டுக்காரர் ரொனால்டு.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"படுக்க எடமில்ல, ஒதுக்கி வச்சேன். அம்புட்டுத்தான். ஒதவி செஞ்சா அதுக்கும் வையிற."

நல்ல உதவி! உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்த துணி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து விரிப்பை முடித்தேன். மாமியார் அடுப்பில் கிடந்த வெஞ்சனச் சட்டியை இறக்கிவிட்டு வந்து தடவிப் பார்த்தார். நடுக்கட்டத்தில் கை நின்றது.

"ஏன் செல்வி, இந்த நீலம் ஒன்னுதுல்ல? வேளாங்கண்ணிக்குக் கட்டிக்கிட்டு வந்தியே."

என்னுடையதுதான்.

"தெரியாம வச்சுட்டேன் அத்தை. அவரு எல்லாத்தையும் கலந்து போட்டதுல..."

"ஒஞ்சேல ஒனக்குத் தெரியாதா? அதுவும் நட்டநடுவுல வச்சிருக்க. பிரிச்சிரு தாயி, பிள்ள வர்றதுக்குள்ள."

சத்தியமாகத் தெரியாமல்தான் தைத்தேன். ஆனால் அவர் அப்படிக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிளேடை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தேன். மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டிய தையல், லேசில் விடவில்லை. அழுகையாக வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இரண்டு பக்கம் பிரித்திருப்பேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அமலராணி பிள்ளையோடு மெதுவாக உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணி, செத்த நேரம் இவளப் படுக்கப் போடணும். இடுப்பு விட்டுப்போச்சு."

"அதுல வேணாம்டி," என்றார் மாமியார். "செல்வி சேல தெரியாம நடுவுல விழுந்திருச்சு. பிரிச்சுக்கிட்டிருக்கா."

அமலராணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"பிளேட அங்கிட்டுப் போடுங்கண்ணி. பிள்ளையக் கீறிரப் போகுது."

பிளேடைத் தூரப் போட்டேன். ஊசி ஏதும் கிடக்கிறதா என்று விரிப்பு முழுக்க உள்ளங்கையால் தடவினேன். குனிந்து பிள்ளையைக் கிடத்தினாள். ஓரத்தில் அவ்வளவு இடம் இருந்தது, நடுவில்தான் கிடத்தினாள்.

பிள்ளை முகத்தைச் சுளித்து, காலை ஒரு உதை உதைத்தது. கொஞ்ச நேரத்தில் அதன் அடியிலிருந்து ஈரம் கிளம்பியது. வெளிர்நீலத்தைக் கருநீலமாக்கிவிட்டு, நான் பிரித்துவைத்த தையலைத் தாண்டி, சாணார்பட்டிச் சேலைகளில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.