கட்டுமரமும் கனூவும்

மராட்டி பேசும் ஊரான ஔந்த்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. பத்தொன்பது வருஷமாக அங்கே ஆங்கிலம் நடத்துகிற ஆனந்தவல்லி ஒருத்தி. போன ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து வந்து அதே ஆங்கிலத் துறையில் சேர்ந்த முகுந்த் இன்னொருவன். நாலு பேர் எதிரில் சண்டை போட்டால் மரியாதை கெடும் என்பதால் இருவரும் சிரித்த முகத்தோடு தமிழில் திட்டிக்கொள்வார்கள். விஷயம் புரியாத மராட்டி டீச்சர்கள், ஊர்ப்பாசம் என்றால் இதுவல்லவா என்று பூரித்துப்போவார்கள்.

துறைத் தலைவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று ஆனந்தவல்லி எட்டு வருஷமாகக் காத்திருந்தாள். நேற்று வந்தவன் அதற்கு விண்ணப்பம் போட்டால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, மொழி நாள் வினாடி வினாவுக்கு அவள் தயாரித்த கேள்வித்தாளைச் சரிபார்க்கச் சொல்லி அவனிடமே கொடுத்திருந்தார் முதல்வர் தாம்லே மேடம்.

“ஏனுங்க மேடம், ஏழாவது கேள்வியைக் கொஞ்சம் பாருங்க,” என்று பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான் முகுந்த். அவனுடைய அந்த ‘ங்க’வைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதையை வைத்தே ஆளை மட்டம் தட்டத் தெரிந்தவன்.

கேள்வி இதுதான். கேட்டமரான், கனூ, ஹம்மாக், சாக்லேட் ஆகிய ஆங்கிலச் சொற்கள் எந்த நாட்டு மொழிகளிலிருந்து வந்தவை? விடை, இந்தியா. இண்டியன் மொழிகள் ஆங்கிலத்துக்குத் தந்த சொற்கள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் கிடைத்திருந்தது. அதில் நம் கட்டுமரத்தைக் காணோமே என்று அவளே அதை முதலில் சேர்த்திருந்தாள்.

“அங்க இண்டியன்னு போட்டிருக்கறது நம்மள இல்லீங்க,” என்றான். “கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துட்டதா நெனச்சு அமெரிக்காவுல இருந்தவங்களுக்கு வச்ச பேருங்க அது. கனூங்கற படகு, ஹம்மாக்குங்கற வலைத்தொட்டில் ரெண்டும் கரீபியன் தீவுக்காரங்க சொல்லு. சாக்லேட் மெக்சிகோ பக்கமுங்க. நம்மது கட்டுமரம் ஒண்ணுதானுங்க.”

“கட்டுமரம் நம்மதுன்னா கனூ மட்டும் எவன் வீட்டுதாம்? ரெண்டும் தண்ணியில மிதக்கறதுதானே,” என்று அவளும் சிரித்தாள். “எனக்கே பாடம் எடுக்க வந்துட்டீங்களா?”

“உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்கென்னங்க பைத்தியமா? சொல்லிட்டேனுங்க. அப்புறம் மேடையில சந்தி சிரிச்சா என்னைக் கேக்காதீங்க.”

பக்கத்து மேஜையிலிருந்த கணக்கு டீச்சர் சுனந்தா இருவரையும் பார்த்துத் தானும் சிரித்தாள். ஆனந்தவல்லிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் எழாமல் இல்லை. ஆனால் அவன் சொல்லி அவள் திருத்தினாள் என்று ஆகிவிடுமே. அதைவிட அந்தக் கேள்வி அப்படியே கிடக்கட்டும் என்று தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

மொழி நாளன்று மேடையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிதானமாக, “கேட்டமரான் இந்தியா. மற்ற மூன்றும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சொற்கள், மேடம்,” என்றாள். ஆனந்தவல்லி மைக்கில், “தப்பு. நான்குமே இந்தியா,” என்றாள். கூடியிருந்த பெற்றோர்கள் ஃபோனில் தேடிப் பார்த்து முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு வாய்விட்டே சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ அத்தனை வாட்ஸாப் குழுக்களிலும் சுற்றியது. சாக்லேட்டைக் கண்டுபிடித்த நாடு என்று யாரோ அதற்குத் தலைப்பு வேறு வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் தாம்லே மேடம் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில்தான் விசாரணை. பிழையைப் பார்த்துவிட்டு முகுந்த் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் விண்ணப்பம் குப்பைக்குப் போகும். அவன் சொல்லியும் ஆனந்தவல்லி கேட்கவில்லை என்றால் அவளுடையது போகும்.

“நான் சொன்னேன் மேடம். சுனந்தா டீச்சர் பக்கத்திலேயே இருந்தார்,” என்றான் முகுந்த்.

சுனந்தாவை வரவழைத்துக் கேட்டார்கள். “பேசினார்கள், சிரித்தார்கள். தமிழில் பேசினால் எனக்கென்ன புரியும்?” என்று கையை விரித்துவிட்டுப் போனாள் அவள்.

தாம்லே மேடம் ஆனந்தவல்லியைப் பார்த்தார். எட்டு வருஷம் காத்திருந்தாயிற்று. இவன் ஒழிந்தால் போதும் என்று இருந்தது.

“சாம்பார் பொடி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார் மேடம். கேள்வித்தாளைப் பற்றி மூச்சு விடவில்லை,” என்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“பொய்,” என்றான் முகுந்த். அதை நிரூபிக்க அவனிடம் ஒன்றுமில்லை. தாம்லே மேடம் பெருமூச்சு விட்டு, துறைத் தலைவருக்கான பரிந்துரைக் கடிதத்தை எடுத்து, ஆனந்தவல்லியின் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

முகுந்த் அவள் பக்கம் திரும்பினான். தமிழில் பேசினான். ‘ங்க’ இல்லை, சிரிப்பும் இல்லை. “மூணு வார்த்தை எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு தெரியாதது தப்பில்ல. உன் மூஞ்சிக்கு நேரா நின்னு நான் சொன்ன வார்த்தைய, காதுல வாங்கிட்டு, சாம்பார் பொடின்னுட்டியே. நீயெல்லாம் பிள்ளைங்களுக்கு என்ன மொழி சொல்லிக்கொடுப்ப?”

“என்ன சொல்கிறார்?” என்றார் தாம்லே மேடம்.

“வாழ்த்துச் சொல்கிறார் மேடம்,” என்று ஆனந்தவல்லி வழக்கம்போலச் சிரித்தாள்.

தாம்லே மேடம் முகுந்தின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கி, தாடை துடித்துக்கொண்டிருந்த முகம். பிறகு அவளுடைய சிரிப்பைப் பார்த்தார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“வாழ்த்துதானே? நல்லது. அவர் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் வரவுசெலவு பார்க்கப் புதிதாக வந்திருக்கும் லீலாவுக்குத் தமிழ் தெரியுமாம். அவரைக் கூப்பிட்டு, முகுந்தைத் தமிழிலேயே மறுபடி சொல்லச் சொல்லி, இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம்.”

ஆனந்தவல்லியின் கண் அந்த மூடிய பேனாமேல் நின்றது.