ஆறு வினாடி அழுகை

அண்ணன் இறந்த பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். இருந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கல்லு மாதிரி நிக்கிறா பாரு என்று சித்தி யாரிடமோ சொன்னது சமையலறை வரை கேட்டது. உண்மைதானே, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று அவள் மேற்கொண்டு டம்ளர்களைக் கழுவினாள்.

அண்ணனோடு சண்டை சச்சரவு எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதை நினைத்தாவது அழுதிருக்கலாம். வாரம் ஒருமுறை போன் செய்வான், சாப்பிட்டாயா என்பான், மழையா வெயிலா என்பான், வைத்துவிடுவான். ஒரு காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நாற்பத்தொரு வயது.

அவள் அனிமேட்டர். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு கூடத்தில் அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கிற ஸ்டுடியோ. அப்போது நடந்துகொண்டிருந்தது ஊர் உலகத்துக்கே தெரிந்த அந்தப் பழைய கிறிஸ்துமஸ் பேய்க் கதை. கல்நெஞ்சக்காரக் கிழவர் ஒருவரிடம் பேய்கள் வந்து அவரைத் திருத்திவிட்டுப் போகும். எத்தனையோ பேர் எடுத்ததை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மறுபடி அனிமேஷனில் எடுத்தது. பாதி வேலை இங்கே. பேய்களை அசைக்கத்தான் ஆளாளுக்குப் போட்டி. கிழவர் இவள் பங்குக்கு வந்திருந்தார்.

சூப்பர்வைசருக்கு ஸ்டுடியோவில் ‘ஒரு நிமிஷம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் அவர் வாயில் வருவது அதுதான். அந்த ஒரு நிமிஷம் முடிய அரை மணி ஆகும். அன்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கிழவர் பனியில் மண்டியிட்டுத் தன் கல்லறையில் தன் பெயரையே படித்துவிட்டு அழுகிற ஷாட் மிச்சம் இருந்தது. ஆறு வினாடி.

“ஒரு நிமிஷம்… இதை வேற யாருக்காவது கொடுத்துடட்டுமா?”

“பரவால்ல சார். நானே பண்றேன்.”

எந்த நடிப்பானாலும் முதலில் தாங்களே நடித்து, அதைப் போனில் படம் பிடித்து, பார்த்துப் பார்த்துச் செய்வது அவர்கள் வழக்கம். அதற்கென்று ஆளுயரக் கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு கம்பளத்தில் மண்டியிட்டாள். கல்லறைக்குப் பதில் ஒரு நாற்காலி. பதினொரு தடவை எடுத்தாள். பதினொன்றிலும் ஒரு பெண் நாற்காலிக்கு அடியில் எதையோ தவறவிட்டவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. வேறு வழியில்லாமல் அதையே வைத்துக் கிழவரைச் செய்தாள்.

சூப்பர்வைசர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். இது அழுகை இல்லையே என்றார். நாலாவது தடவையும் ஓட்டிவிட்டு, ஆனால் இதிலும் ஏதோ இருக்கிறது, அனுப்பிப் பார்ப்போம் என்றார்.

இரண்டே நாளில் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. குழந்தைகளுக்குப் புரியாது, கண்ணீர் வேண்டும் என்று. கண்ணீர் அவள் வேலையே இல்லை. அதற்குத் தனிக் குழு இருந்தது. மத்தியானத்துக்குள் வலது கண்ணில் இரண்டு சொட்டும் இடது கண்ணில் ஒன்றும் விட்டார்கள். உதடு துடிப்பதை மட்டும் அவள் சேர்த்துக் கொடுத்தாள். அது கைவந்த கலை, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அவள் அந்த ஷாட்டை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.

ஏழு மாதம் கழித்துப் படம் வந்தது. வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஒரு பகல் காட்சி போட்டார்கள். அந்த ஏழு மாதத்தில் அவள் அண்ணி வீட்டுக்குப் போனது இரண்டே தடவை. அங்கே ஒருத்தி அழுது கரைந்துகொண்டிருக்கும்போது வறண்ட கண்ணோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு அண்ணிதான் தானாகப் போன் செய்தாள். பேய்ப் படமாமே, பாப்பா பயப்படுவாளா என்று மட்டும் கேட்டாள். மூன்று பேருமாகப் போனார்கள்.

அண்ணன் மகள் பாப்பாவுக்கு ஆறு வயது. பேய்கள் வந்தபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை செய்தது பேயை இல்லை, கிழவரைத்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தாள். கல்லறைக் காட்சி வந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக மூக்கு உறிஞ்சும் சத்தம். அண்ணி எழுந்து வெளியே போனாள். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் மனைவியிடம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளும் போனாள்.

அண்ணி தண்ணீர்க் குழாயடியில் பேப்பர் டம்ளரோடு நின்றிருந்தாள்.

“அப்படி ஒரு இடம் வரும்னு முன்னாடியே சொல்லியிருக்கணும் அண்ணி. தப்புதான்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் அழறாங்களா, அந்தச் சத்தம்தான் தாங்கல.” அண்ணி டம்ளருக்குள் பார்த்தபடி சொன்னாள். “எனக்கு இன்னும் அழுகையே வரல, தெரியுமா? அன்னிக்கு நாலு பேர் பாக்கறாங்களேன்னு கைக்குட்டையை மூஞ்சில வச்சுக்கிட்டேன். அவ்வளவுதான். யார்கிட்ட சொல்றது? உங்கிட்ட சொல்லலாம்னா, நீ வீட்டுப் பக்கமே வரல.”

அரங்கத்துக்குள்ளிருந்து ஏதோ மணி அடிக்கிற இசை கேட்டது.

“எனக்கும் வரல அண்ணி.”

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது.

“அப்போ எனக்கு மட்டும் கிறுக்குப் பிடிக்கல.” டம்ளரைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். “அவரோட சட்டையெல்லாம் அப்படியே தொங்குது. நானும் எடுக்கணும் எடுக்கணும்னு பாக்கறேன். ஒருநாள் வர்றியா?”

“ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

அவர்கள் உள்ளே போனபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவள் பெயர் வந்து போயிற்றா, இனிதான் வருமா தெரியவில்லை. பார்க்காததை எல்லாம் பாப்பா ஒரு மூச்சில் சொன்னாள். தாத்தா சாகவில்லையாம், காலையில் முழித்துக்கொண்டாராம். அண்ணி அவள் வாயோரத்தில் ஒட்டியிருந்த பொரியைத் துடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அவள் போய்விட்டாள். அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் போட்டார்கள். கொடுத்துவிடுவது, வைத்துக்கொள்வது, கரித்துணிக்கு என்று பிரிக்கத் தொடங்கினார்கள். வேலை சுறுசுறுப்பாக நடந்தது. ஒரே நிறத்தில் ஒரு மனிதன் எத்தனை சட்டை வாங்குவான் என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். பிறகு அவளிடமிருந்து சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால், துணிக் குவியலில் ஒருக்களித்துச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை மாதத் தூக்கமோ.

அவள் எழுப்பவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்தி, பாப்பாவை உள்ளே வர வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, மீதிச் சட்டைகளை மடித்து அடுக்கினாள்.