அண்ணம்மா விளக்கும் அறுபது மில்லியாம்பும்

பிரெட்போர்டுக்கு மின்சாரம் கொடுக்கவென்று ஆட்கள் செய்து விற்கும் சாமான்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாலிடர் ஈயம் வைத்து ஒட்டாமல் துளையில் கம்பியைச் செருகி சர்க்யூட்டைச் சோதித்துப் பார்க்கிற வெள்ளைப் பலகை அது. அதற்கு வேண்டியதெல்லாம் ஐந்து வோல்ட். அதைக் கொடுப்பதற்கு எத்தனை கூத்து! காலேஜ் லேபில் இருப்பது பத்து கிலோப் பெட்டி, முகத்தில் நான்கு குமிழ். ஐந்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் எந்தப் புண்ணியவானோ முப்பதுக்குத் திருகியிருப்பான். கடையில் கிடைக்கும் சின்ன மாட்யூலோ இன்னும் அழகு. திருப்பிச் செருகினால் பிளஸ் மைனஸாகி ஐ.சி. புகைந்துவிடும். எப்படியும் செருகலாம் என்று செய்து வைத்தவன் ஒரு நாளாவது அதை உபயோகித்திருப்பானா?

நான் செய்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று பீன்யா தொழிற்பேட்டையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ருத்ரமுனியின் கம்பெனியில் நான்தான் டிசைன் இன்ஜினியர். கம்பெனி என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஷட்டர் போட்ட ஒரே கூடம். முதலாளி ருத்ரமுனி, நான், சாலிடர் மேசையில் நிங்கம்மா, அவளோடு இரண்டு பெண்கள். நிங்கம்மா பதினாலு வருஷமாக அங்கே இருக்கிறாள். சாலிடர் வைப்பது, சோதிப்பது, ரெஜிஸ்டரில் எழுதுவது எல்லாம் அவள்தான்.

"அஸ்வத்த், இதுதான் கடைசி" என்றார் ருத்ரமுனி. "தும்கூர் பாலிடெக்னிக்காரங்க நானூறு பீஸ் எடுத்தா சாலிடர் மேசை இருக்கும். இல்லேன்னா இறக்குமதி பண்ணி ஸ்டிக்கர் ஒட்டி வித்துட்டுப் போறேன். ஸ்டிக்கர் ஒட்ட மூணு பொம்பளைங்க எதுக்கு?"

எனக்கு வேறு வேலை கிடைத்துவிடும். நிங்கம்மாவுக்கு இந்த வயதில் யார் கொடுப்பார்கள்? அதனால் நானும் உயிரைக் கொடுத்துத்தான் டிசைன் செய்தேன், அதில் பொய்யில்லை. உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி. பலகையின் ஓரத்தில் ஒரே மாதிரிதான் உட்காரும், திருப்பிச் செருக முடியாது. குமிழ் என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அணைக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போகிற மகானுபாவர்களுக்காக, யாரும் கரண்டு எடுக்காவிட்டால் முப்பது நொடியில் தானே அணைந்துகொள்ளும். பேட்டரி தீராது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. நிங்கம்மா டிரில்லிங் மெஷினிலிருந்து மல்டிமீட்டர்வரை விபூதிப் பட்டை அடித்து, குங்குமம் வைத்து, பொரி கொடுத்தாள். அத்தோடு விட்டாளா? என் மேசைமேல் ஊர்க்காவல் தெய்வம் அண்ணம்மா தேவி படம் ஒன்றை நிறுத்தி, அதற்கு முன்னால் ஒரு குட்டி விளக்கு வைத்து, அதன் இரண்டு கம்பிகளையும் என் சோதனைப் பலகையின் ஓரத் துளைகளில் செருகிவிட்டாள்.

"உங்க அம்மனுக்கு அஞ்சு வோல்ட் போதுமா? இல்ல, பன்னெண்டு வேணுமா?" என்று கேட்டேன்.

"பலகை உங்களோடதுதான் சார். ஆனா ஊரு அவளோடது" என்றாள்.

விளக்கு அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு நாளில் அது என் கண்ணில் படுவதே நின்றுபோனது.

அடுத்து ஒரு கணக்கு முடிவாக வேண்டியிருந்தது. கரண்டு எவ்வளவுக்குக் கீழே போனால் 'மறந்துவிட்டான்' என்று எடுத்துக்கொள்வது? ஒரு வாரம் அதே பலகையில் விதவிதமாக சர்க்யூட் போட்டு மீட்டரைப் பார்த்தேன். எதைப் போட்டாலும் அறுபது மில்லியாம்புக்குக் கீழே வரவில்லை. என் சப்ளை தனக்கென்றும் கொஞ்சம் தின்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, எல்லையை நாற்பது என்று வைத்தேன். பதினெட்டு வருஷ அனுபவம்!

ஒரு வெள்ளிக்கிழமை நிங்கம்மா ரெஜிஸ்டரோடு வந்து நின்றாள். "சார், படத்தத் துடைக்கலாம்னு விளக்கக் கழட்டினேன். சப்ளை அணைஞ்சிடுச்சு."

"அப்படியா? அம்மனத் தொட்டா சும்மா விடுவாளா?"

"இல்ல சார், மூணு தடவ..."

"திருப்பி வச்சா எரியுதில்ல? வச்சுடுங்க."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நிங்கம்மா சிரிக்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் அவள் கன்னடத்தில் எழுதியிருந்தாள்: 'விளக்கை எடுத்தால் சப்ளை அணைகிறது. மூன்று முறை பார்த்தேன்.' நான் சிவப்புப் பேனாவை எடுத்து அதன் கீழே 'அண்ணம்மாவுக்குக் கோபம்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம்வரை அந்த ஜோக்கை நினைத்து எனக்கே சிரிப்பு.

தும்கூருக்குப் புறப்பட்ட காலையில் செய்திருந்த பெட்டிகளில் ஒன்றைப் பையில் போட்டேன். நிங்கம்மா விடவில்லை. "சார், அந்தப் பலகையோடயே கொண்டு போங்க. அதுலதான் நல்லா ஓடுது."

"அப்ப அம்மனையும் தூக்கிட்டுப் போகவா? அவங்களுக்கு யாரு டிக்கெட் எடுக்கறது?"

"பொம்பளைங்களுக்கு சர்க்கார் பஸ்ல டிக்கெட் கிடையாது சார்."

ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்துவிட்டேன்.

பாலிடெக்னிக்கில் வாங்குவதை முடிவு செய்கிறவர் வத்சலா காமத், எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவி. என் பிரசங்கத்தை அவர் கேட்கவே இல்லை. பெட்டியை வாங்கி லேப் பலகையில் செருகினார். ஒரு டைமர் ஐ.சி.யும் ஒரே ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யும் போட்டார். முதல் வருஷப் பிள்ளைகள் முதல் நாள் செய்கிற சர்க்யூட். எல்.ஈ.டி. அழகாகக் கண் சிமிட்டியது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். முப்பதாவது நொடியில் எல்லாம் அணைந்தது.

மறுபடி அழுத்தினேன். முப்பது நொடி. மறுபடி. அதே முப்பது நொடி.

"உங்க போர்டு பழசு மேடம், காண்டாக்ட் லூசு" என்றேன். பலகையை மாற்றினார். "வயர்..." என்றேன். வயரை மாற்றினார். "இந்த ரோட்டுத் தூசி..." என்று ஆரம்பித்தேன்.

"என் போர்டு சரியில்ல, வயர் சரியில்ல, எங்க ஊருத் தூசி சரியில்ல. உங்க பெட்டி மட்டும் சொக்கத் தங்கம். அப்படித்தானே?" என்றார்.

வராந்தாவுக்கு வந்து நிங்கம்மாவைக் கூப்பிட்டேன். "அங்க சப்ளை ஓடுதா?"

"காலையிலேர்ந்து ஓடுது சார்."

"அந்த விளக்கக் கழட்டுங்க."

"இன்னிக்குமா சார்? நல்ல காரியத்துக்குப் போயிருக்கீங்க..."

"கழட்டுங்கம்மா!"

மேசையில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அணைஞ்சிடுச்சு சார்" என்றாள். "அன்னிக்கும் இப்படித்தான்."

அறுபது மில்லியாம்பைத் தின்றது என் சப்ளை அல்ல, அவள் வைத்த விளக்கு. ஒரு மாதமாக என் மூக்குக்கு முன்னால் எரிந்த விளக்கு! உலகத்தில் ஒவ்வொரு பிரெட்போர்டிலும் அண்ணம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்பி டிசைன் செய்திருக்கிறேன். சாமி இல்லை என்று டீக்கடையில் சட்டம் பேசுகிறவன் நான்.

உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் எல்லை நாற்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிடும், மாற்ற ஆள் வரவழைக்கிறேன் என்றேன். வத்சலா சிரிக்கவில்லை. "நாலு மணிவரை இருப்பேன். அப்புறம் கடையில விக்கற இறக்குமதி மாட்யூலுக்கே கையெழுத்துப் போட்டுடுவேன். வரவங்ககிட்ட டெஸ்ட் ரெஜிஸ்டரையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"தாராளமா மேடம்" என்றேன். போனில் நிங்கம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.

காத்திருந்த நேரத்தில் பக்கத்து ஊரான க்யாத்சந்திராவுக்குப் போய்த் தட்டை இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது வாயில்தான் சிவப்புப் பேனா ஞாபகம் வந்தது. அலறியடித்துக்கொண்டு போன் செய்தேன். "ரெஜிஸ்டர் வேண்டாம்மா, வீட்டுலயே... ஆபீசுலயே விட்டுடுங்க!"

"பஸ்ல ஏறியாச்சு சார். மடியிலதான் இருக்கு."

மூன்று மணிக்கு நிங்கம்மா வந்தாள். சாலிடர் இரும்பை பிளக்கில் மாட்டி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கடுகளவு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். அந்த நேரத்தில் வத்சலா ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"'அண்ணம்மாவுக்குக் கோபம்'" என்று உரக்கப் படித்தார். "இது எதோட அளவு சார்? வோல்ட்டா, ஆம்பியரா?"

லேபில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிவப்பு மை யாரோடது?"

"என்னோடது."

"மேல இருக்கறது?"

"என்னோடது மேடம்" என்றாள் நிங்கம்மா, தலை நிமிராமல்.

எல்.ஈ.டி.யைச் செருகினோம். முப்பது நொடி போனது. ஒரு நிமிஷம் போனது. வத்சலா ஒரு முழு பீரியட், மணி அடிக்கிறவரை, அதை ஓடவிட்டார். அது பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிறகு எல்.ஈ.டி.யைப் பிடுங்கினார். முப்பதாவது நொடியில், எப்படி அணைய வேண்டுமோ அப்படி அணைந்தது.

"நானூறும் எடுத்துக்கறேன். ஆனா ஒவ்வொண்ணுலயும் டெஸ்ட் பண்ணினவங்கன்னு இந்தம்மா கையெழுத்து இருக்கணும். இந்த சாரோடது வேண்டாம்" என்றார் வத்சலா.

நானூறுக்கும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பும் பஸ்ஸில் நிங்கம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் டிக்கெட் எடுத்தேன், அவளுக்குத் தேவையில்லை. தாபஸ்பேட்டை தாண்டியது. அப்புறம் வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"படிக்காம எழுதியிருந்தீங்கன்னா விட்டிருப்பேன் சார். படிச்சீங்க. படிச்சுட்டுத்தான் அப்படி எழுதினீங்க."

ஊரில் ஒருவன் செய்த சாமானையும் விடாமல் குறை சொல்லித் திரிந்தவன் நான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் விளக்கு பலகையில் இல்லை. சுவர் பிளக்கில் மாட்டிய ஒரு போன் சார்ஜரில் தனியாக எரிந்துகொண்டிருந்தது. ரெஜிஸ்டர் என் மேசைமேல் அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. என் சிவப்பு வரியை அவள் அடிக்கவில்லை. அதற்குக் கீழே, நீல மையில், நிதானமான கன்னட எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்:

'அண்ணம்மாவுக்குக் கோபம் இல்லை. ரெசிஸ்டர் மாற்றப்பட்டது.'